என் மாத்திரைப் பையைக் கேட்ட பல் டாக்டர்

மலேசியாவில் சுங்கை சிப்புட் டவுனில், கடைவரிசையின் மாடியில் இருக்கும் இந்தப் பல் கிளினிக்குக்கு ஒரு வருஷத்துக்கு மேலாகப் போய்வருகிறேன். ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறேன். படிக்கட்டுக்காக ஒன்றைக் குறைக்கலாமா என்று யோசித்தேன், அதைக் கடைசியில் சொல்கிறேன். எடை குறைக்க வயிற்றில் ஆபரேஷன் செய்தவர்களும் செய்யப்போகிறவர்களும் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். உங்களுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் தையல்காரி. தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது டவுனை ஒட்டிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), வீட்டு முன்கூடத்தில் இரண்டு மெஷின் போட்டு ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைக்கிறேன். 2021-இல் 118 கிலோ இருந்தேன். சர்க்கரை இருந்தது, முழங்கால் மடக்க முடியாது. அந்த வருஷம்தான் ஈப்போவில் இரைப்பை பைபாஸ் செய்துகொண்டேன், அதாவது இரைப்பையைச் சின்னப் பையாக்கி, குடலின் முதல் பகுதியைத் தாண்டி இணைக்கிற ஆபரேஷன். இன்றைக்கு 72 கிலோ, சர்க்கரை மாத்திரை நின்றுவிட்டது. ஆபரேஷனைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதற்கப்புறம் ஆயுசுக்கும் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயங்களை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. முதல் இரண்டு வருஷம் செக்கப்புக்குப் போனேன். அப்புறம் தையல் வேலை, ஈப்போ வரை போக ஆள் இல்லை என்று விட்டுவிட்டேன்.

தைக்கிறவர்களுக்குத் தெரியும், கத்தரிக்கோலைத் தேடுவதைவிட நூலைப் பல்லால் கடிப்பது சுலபம். எனக்கு முப்பது வருஷப் பழக்கம். 2024 தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு ரவிக்கைக் கை ஓரத்தில் நூலைக் கடித்தேன். நூல் அறவில்லை. நாக்கில் மணல் மாதிரி ஏதோ பட்டது, துப்பிப் பார்த்தால் பல். மேல் முன்பல்லின் முனையில் அரிசிக் குருணை அளவு உடைந்திருந்தது. கண்ணாடி முன்னால் நின்று வெளிச்சத்தில் பார்த்தபோது, பக்கத்துப் பற்களின் முனையும் வெள்ளையாக இல்லை. சாம்பல் நிறத்தில், ஈரக் கண்ணாடித் துண்டு போல, பின்னால் இருக்கும் நாக்கின் நிழல் தெரிகிற அளவுக்கு மெலிந்திருந்தது.

பல் கிளினிக் என்றாலே எனக்குப் பயம், அதற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தின வருஷம் வேறு ஊரில் ஒரு கிளினிக்கில் கடைவாய்ப் பல் பிடுங்கினேன். வலிக்கு ஒரு வாரத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். உடம்புக்கு வேறு என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஐந்தாவது நாள் மேல்வயிறு எரிந்தது, மலம் தார் போலக் கறுப்பாகப் போனது. குழாய் விட்டுப் பார்த்ததில், சின்ன இரைப்பையைக் குடலோடு சேர்த்துத் தைத்த இடத்தில் புண். ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் ஆசிட் போன்ற வலி மாத்திரைகளை பைபாஸ் செய்தவர்கள் தவிர்க்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு மண்டையில் ஏறியது. வலிக்கு எங்களுக்குப் பாராசிட்டமால்தான் முதலில்.

இந்தக் கிளினிக்கில் நடந்ததே வேறு. கவுண்டரில் இருக்கும் மலாய்ப் பெண் கொடுத்த ஃபாரத்தில் “ஆபரேஷன் ஏதாவது?” என்று ஒரு வரி இருந்தது, எழுதினேன். உள்ளே போய் நாற்காலியில் சாய்ந்ததும் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. நம் தமிழ்ப் பிள்ளைதான், முப்பது வயசு இருக்கும்.

“ஆண்ட்டி, பைபாஸா, ஸ்லீவா?”

“பைபாஸ், டாக்டர்.” (ஸ்லீவ் என்பது இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கிற இன்னொரு வகை ஆபரேஷன்.)

“என்னென்ன மாத்திரை எடுக்கிறீங்க? கையில இருக்கா?”

கைப்பையில் ஒரு பிளாஸ்டிக் பை எப்போதும் இருக்கும். கொட்டிக் காட்டினேன். கையுறையைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு டப்பாவாகத் திருப்பிப் பின்பக்க எழுத்தைப் படித்தார். பத்து நிமிஷம் இருக்கும். வெளியில் ஆள் காத்திருந்தார்கள், அவர் அவசரப்படவில்லை. என் நட்சத்திரத்தில் பாதி அந்தப் பத்து நிமிஷத்துக்குத்தான்.

அதற்கப்புறம் ஒரு நாள் முழுக்க என்ன சாப்பிடுகிறேன், குடிக்கிறேன் என்று கேட்டார். காலையில் பசியாறுவதிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். வெறும் தண்ணீர் இறங்காது என்பதால் எலுமிச்சை பிழிந்த ஒரு லிட்டர் போத்தல் மெஷின் பக்கத்திலேயே இருக்கும், ஊசியில் நூல் கோக்கும்போதெல்லாம் ஒரு வாய் குடிப்பேன் என்று சொன்னபோது, எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். பல்லைத் தின்றது அந்தப் போத்தல்தான். புளிப்பை அளக்கும் பி.எச் எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். வாயில் அது 5.5-க்குக் கீழே போனால் பல்லின் மேல் ஓடான எனாமல் கரைய ஆரம்பிக்கும், எலுமிச்சைச் சாறு கிட்டத்தட்ட 2. ஒரு தடவை குடித்து முடித்தால், உமிழ்நீர் கொஞ்ச நேரத்தில் அந்தப் புளிப்பை அடக்கிவிடும். நான் பத்து நிமிஷத்துக்கு ஒரு வாய் குடித்ததில் உமிழ்நீருக்கு அவகாசமே கிடைக்கவில்லை. எங்களைப் போன்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை சாப்பிடுகிறோம், தண்ணீரும் குறைவாகக் குடிப்பதால் வாய் காய்ந்து கிடக்கும். அதனால் பல்லுக்கு எங்கள் வாயில் ஓய்வு கம்மி. ஒட்டிக்கொள்ளும் இனிப்பு வைட்டமின் மிட்டாய்களையும் அவர் ஓரமாக ஒதுக்கி வைத்தார்.

இன்னொன்றும் கேட்டார், அதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. ரொட்டி சானாயோ சோறோ அவசரமாக விழுங்கினால் அடைத்துக்கொண்டு வாந்தி வந்துவிடும், மாசத்தில் ஐந்தாறு தடவை. நாற்றம் போக உடனே பல் விளக்கிவிடுவேன். சுத்தம் என்று நினைத்துச் செய்தது அது. அமிலத்தில் ஊறி இளகிய எனாமலை பிரஷ் போட்டுத் தேய்த்து எடுத்திருக்கிறேன். வாந்தி வந்தால் ஒரு கப் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் சோடா மாவு கலந்து கொப்பளித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் பிரஷைத் தொட வேண்டும். அடிக்கடி வாந்தி வந்தால் ஆபரேஷன் செய்த டாக்டரிடமும் காட்ட வேண்டும் என்றார்.

கால்சியம் விஷயத்தில் அவரே எதையும் மாற்றவில்லை, அதுவும் எனக்குப் பிடித்தது. நான் எடுத்துக்கொண்டிருந்தது கால்சியம் கார்பனேட். அது கரைய இரைப்பை அமிலம் வேண்டும். பைபாஸ் செய்த சின்னப் பையில் அமிலம் குறைவு, புண் ஆற நான் எடுத்த மாத்திரை அதையும் குறைத்திருந்தது. போதாததற்கு கால்சியம், இரும்புச்சத்து இரண்டையும் ஒரே கையில் போட்டு டீயோடு விழுங்கிக்கொண்டிருந்தேன். கால்சியம் இரும்பை உறிஞ்ச விடாது, டீயும் இரும்பைத் தடுக்கும். இதையெல்லாம் எழுதி, கால்சியம், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன் மூன்றையும் பார்க்கச் சொல்லி என் ஆபரேஷன் டாக்டருக்கு ஒரு கடிதம் கொடுத்தார். பல் டாக்டர் எலும்புக்குக் கடிதம் எழுதியதை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

ஈப்போவில் ரத்தம் எடுத்தார்கள். கால்சியம் சரியாகத்தான் இருந்தது, எனக்கு நிம்மதி. ஆனால் வைட்டமின் டி 38 (nmol/L கணக்கில்), அது 75-க்கு மேல் இருக்க வேண்டுமாம். பாராதைராய்டு ஹார்மோன் ஏறிக்கிடந்தது. குடலின் முதல் பகுதியில்தான் கால்சியம் நன்றாக உள்ளே போகும், பைபாஸில் அந்த இடத்தையே சுற்றிக்கொண்டு போகிறது சாப்பாடு. ரத்தத்தில் குறையாமல் பார்த்துக்கொள்ள அந்த ஹார்மோன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. நகையை அடகுக்கடையில் வைத்து மளிகைக் கடனை அடைக்கிற மாதிரி. கடைக்காரர் புத்தகத்தில் பாக்கி இருக்காது, பீரோ காலியாகிக்கொண்டே வரும். எலும்பு அடர்த்தி ஸ்கேனில் முதுகுத்தண்டின் டி-ஸ்கோர் என்ற மதிப்பெண் மைனஸ் 1.8 வந்தது. மைனஸ் 2.5-க்குப் போனால் எலும்புப் புரை என்கிறார்கள். என் அம்மா கித்தா (ரப்பர்) தோட்டத்தில் பால் வெட்டியவர். கடைசிக் காலத்தில் முதுகு வளைந்து, குளியலறையில் லேசாக வழுக்கியதற்கே இடுப்பு முறிந்து படுத்தார். ஸ்கேன் தாளைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது அம்மா ஞாபகமாகவே இருந்தது.

இப்போது கால்சியம் சிட்ரேட், ஒரு தடவைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இல்லை, காலையும் சாயங்காலமும். சாப்பாட்டையும் சேர்த்து ஒரு நாளைக்கு 1200 முதல் 1500 வர வேண்டும் என்பது கணக்கு, மீதிக்குத் தயிர், கேழ்வரகுக் கூழ், முள்ளோடு நெத்திலி. இரும்பு ராத்திரி, இரண்டு மணி நேரம் தள்ளி. வைட்டமின் டி தனி. டப்பாவைப் பார்த்து ஏமாறாதீர்கள்: முன்பக்கம் ‘கால்சியம் சிட்ரேட் 950’ என்று போட்டிருந்தால் அதில் உண்மையான கால்சியம் 200தான். கிளினிக்குக்குக் கீழே இருக்கும் மருந்துக்கடைக்காரர் பின்பக்க எழுத்தைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

உடைந்த பல்லை அரை மணி நேரத்தில் கட்டினார். பல் நிற மாதிரிகளை ஒவ்வொன்றாக உதட்டோரம் வைத்துப் பார்த்து, நீலக் களிம்பு தடவிக் கழுவி, மாவை அடுக்கடுக்காக வைத்து நீல விளக்கில் இறுக வைத்தார். கடைசியில் நீலத்தாளைக் கடிக்கச் சொல்லி, கறை பட்ட இடத்தை இழைத்தார். நாக்கால் தடவிப் பார்த்தேன், எது பல் எது கட்டியது என்று தெரியவில்லை. மற்றப் பற்களுக்கு ஃபுளோரைடு பூச்சு. பல் கட்ட 150 ரிங்கிட், சுத்தம் செய்ய 120, பூச்சு 50. அரசாங்கப் பல் கிளினிக்கைவிட அதிகம்தான். வலிக்கு மாத்திரை வேண்டுமா என்று நான் கேட்பதற்கு முன்பே “பாராசிட்டமால் மட்டும் ஆண்ட்டி” என்றார். எலும்புக்கு யாராவது ஊசியோ மாத்திரையோ ஆரம்பிக்கச் சொன்னால் முதலில் தன்னிடம் வரச் சொன்னார். அந்த மருந்து எடுக்கும்போது பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகிற ஆபத்து உண்டாம், பிடுங்க வேண்டியதை முன்னாலேயே முடித்துவிட வேண்டும்.

குறை என்றால் படிக்கட்டு. இருபத்திரண்டு படி, செங்குத்து, ஒரு பக்கம்தான் கைப்பிடி, மழைக்காலத்தில் ஈரம். எனக்கு ஏறுவது நல்லது, ஈப்போவிலும் படி ஏறு, நட என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் எலும்பு மெலிந்த வயசானவர்கள் இந்தப் படியில் விழுந்தால் என்ன ஆவது? இன்னொரு பக்கமும் கைப்பிடி போடச் சொல்லி இரண்டு தடவை கேட்டுவிட்டேன், இங்கேயும் கேட்கிறேன். டாக்டர் செவ்வாய், வியாழன், சனி மட்டும் வருகிறார். சனிக்கிழமை காலையில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம், ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். வியாழக்கிழமை மத்தியானம் போங்கள், மாத்திரைப் பையை மறக்காமல் எடுத்துக்கொண்டு.

நான்கு ரிங்கிட்டுக்கு ஒரு சின்ன நூல்வெட்டி வாங்கி, அளவு நாடாவோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டியிருக்கிறேன். மெஷின் பக்கத்தில் இப்போது வெறும் தண்ணீர்ப் போத்தல். ஆறு மாசம் கழித்துப் பார்த்ததில் வைட்டமின் டி 81. அடுத்த பூச்சு வருகிற மாசம் பன்னிரண்டாம் தேதி.