நாலு வயசுக்கு பியானோ: குரூப் கிளாஸா, தனி கிளாஸா?

ஒவ்வொரு ஜூனிலும் எங்கள் குடியிருப்பில் யாராவது ஒரு அம்மா இதைக் கேட்டுவிடுவார். பிள்ளைக்கு நாலு வயது முடிந்திருக்கும், பொம்மை கீபோர்டைத் தட்டிக்கொண்டே இருக்கும், சரி ஒரு பியானோ கிளாஸில் சேர்க்கலாம் என்று விசாரித்தால் ஒரு இடத்தில் குரூப் கிளாஸ் என்பார்கள், இன்னொரு இடத்தில் ஒன் டு ஒன் என்பார்கள், ஃபீஸோ ஒன்றைவிட இன்னொன்று இரண்டு மடங்கு. எதில் சேர்ப்பது? என் மகள் ஐந்து வயதில் ஒரு மாதிரி கிளாஸில் சேர்ந்தாள், மகன் நாலரை வயதில் வேறு மாதிரி கிளாஸில் சேர்ந்தான். இரண்டிலும் பல மாதங்கள் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. குரூப் கிளாஸ் என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேறு விஷயங்கள் நடக்கின்றன. ஐந்தாறு பிள்ளைகள் ஒரே பாடத்தைச் சேர்ந்து பாடி, சேர்ந்து கைதட்டி, சேர்ந்து வாசித்துப் படிப்பது ஒரு வகை. எட்டு கீபோர்டு போட்டு எட்டுப் பிள்ளைகளுக்கு ஹெட்ஃபோன் மாட்டிவிட்டு, டீச்சர் வரிசையாக ஒவ்வொருவரிடமும் போய் வருவது இன்னொரு வகை. இந்த இரண்டாவதில் கூட்டம்தான் இருக்கிறது, சேர்ந்து செய்வது எதுவும் இல்லை. அது தனி கிளாஸைத்தான் எட்டுத் துண்டாக நறுக்கித் தருகிறது. ஒரு மணி நேரத்தில் எட்டுப் பிள்ளை என்றால் ஆளுக்கு ஏழரை நிமிடம்.

என் மகளுக்குக் கிடைத்தது அந்த ஏழரை நிமிடம்தான். ஆரம்பப் புத்தகங்களில் நோட்டுக்கு, அதாவது ஸ்வரத்தைக் குறிக்கும் புள்ளிக்கு, மேலே சின்னதாக விரல் எண் போட்டிருப்பார்கள், கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. கட்டைவிரலை மிடில் சி-யில், அதாவது பியானோவின் நடுவில் இருக்கும் சி என்ற கட்டையில், வைத்துவிட்டால் போதும், கோட்டையும் புள்ளியையும் பார்க்கவே வேண்டாம், எண்ணைப் படித்தபடி ஒரு பாட்டையே வாசித்துவிடலாம். அவள் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள், எங்களுக்குத் தெரியவில்லை. காதுக்கு எல்லாம் சரியாகவே கேட்டது. எட்டு மாதம் கழித்து ஒரு புதுப் பாடம் வந்தது, அதில் கையை நாலு கட்டை தள்ளி ஜி-யில் வைக்கவேண்டும். அவள் வழக்கமான இடத்திலேயே கையை வைத்து வாசித்தாள், பாட்டு வேறு எங்கோ ஒலித்தது. எனக்கு ஏதோ தோன்றி, ஒரு காகிதத்தைக் கிழித்து எண் வரிசையை மட்டும் மறைத்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. "அம்மா, நம்பரைக் காணோமே" என்றாள். எட்டு மாதத்தில் ஒரு நோட்டின் பெயரும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

டீச்சரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நல்ல மனுஷி. ஆனால் ஏழரை நிமிடத்தில் ஹெட்ஃபோனைக் கழற்றி, போன வாரப் பாடத்தை வாசிக்கக் கேட்டு, அடுத்த பக்கத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துதான் ஆகவேண்டும். பிள்ளை எதைப் பார்த்து வாசிக்கிறது என்று கவனிக்க நேரம் ஏது?

இப்போது நிஜமான குரூப் கிளாஸுக்கு வருகிறேன். மகனோடு ஐந்து பிள்ளைகள், ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு அம்மாவோ அப்பாவோ பாட்டியோ. முதல் கால் மணி நேரம் யாரும் பியானோவைத் தொடுவதில்லை. டோ ரே மி பாடுவார்கள், தாளத்துக்கு நடப்பார்கள், டீச்சர் வாசிப்பதைத் திரும்பி நின்று கேட்டு, சுருதி மேலே போகிறதா கீழே வருகிறதா என்று கையால் காட்டுவார்கள். இந்த முறை நேற்று முளைத்ததில்லை. 1954ல் இசைக்கருவிகள் செய்யும் யமஹா கம்பெனி ஜப்பானில் சோதனையாக ஆரம்பித்த சிறுவர் வகுப்புகளிலிருந்து வளர்ந்த வழி இது, முதலில் கேள், அப்புறம் பாடு, அப்புறம் வாசி, அதற்கும் அப்புறம்தான் படி என்ற வரிசை. பெற்றோர் கூடவே உட்காரவேண்டும் என்பதும் அந்த முறையில் ஒரு அங்கம். வீட்டில் பயிற்சி செய்ய வைக்கப்போவது நாம்தானே.

ஒரு சனிக்கிழமை பார்த்தது. மூன்று தட்டு கைதட்டி நாலாவது தட்டில் சும்மா இருக்கவேண்டும், அதாவது ரெஸ்ட். என் மகன் நாலாவதிலும் பலமாகத் தட்டிவிட்டான். மற்ற நாலு பேரும் அமைதியாக இருந்ததால் அவன் தட்டு மட்டும் அறை முழுக்கக் கேட்டது. டீச்சர் ஒன்றும் சொல்லவில்லை, எல்லாரையும் திரும்ப ஆரம்பிக்கச் சொன்னார். இந்தத் தடவை மூன்று முடிந்ததும் இரண்டு உள்ளங்கையையும் முட்டியில் அழுத்தி வைத்துக்கொண்டான், பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து. மூன்றாவது தடவை பார்க்கவில்லை, கை தானாகவே முட்டிக்குப் போனது. மௌனத்துக்கும் ஒரு நீளம் உண்டு என்பதை ஒரு நாலரை வயதுப் பிள்ளைக்கு வாயால் விளக்கிப் புரியவைக்க முடியாது. நாலு பேர் சேர்ந்து மௌனமாக இருந்து காட்டினால் இரண்டு நிமிடத்தில் புரிந்துவிடுகிறது. தனி கிளாஸில் இதைச் செய்ய ஆளே கிடையாது.

நம் ஊரில் இது ஒன்றும் புதிதும் இல்லை. பாட்டு கிளாஸில் நாலைந்து பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை பாடுகிறார்கள், மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும். கூட்டமாகப் பாடுவதால் தரம் குறையுமே என்று யாராவது கவலைப்படுகிறோமா? ஸ்வரம் தவறினால் பக்கத்துப் பிள்ளையின் குரலைப் பிடித்துக்கொண்டு திரும்ப வந்துவிடும். காது அப்படித்தான் பழகுகிறது. ஆனால் பியானோவில் காதோடு இன்னொன்றும் பழகவேண்டும், அது விரல். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக் காது திருந்தும், விரல் திருந்தாது.

என் அனுபவத்தில் தனி கிளாஸின் பலமே இந்த விரல்தான். அந்த எட்டு மாதத்துக்குப் பிறகு மகளை வீட்டுக்கு வந்து சொல்லித்தரும் ஒரு டீச்சரிடம் மாற்றினோம். முதல் நாள் அவர் ஒரு பாட்டும் எடுக்கவில்லை. ஸ்டூலில் உட்காரவைத்து முழங்கையைப் பார்த்தார், கட்டையின் மட்டத்துக்குக் கீழே இருந்தது. பெட்ஷீட்டை மடித்து ஸ்டூலில் போடச் சொன்னார். உயரம் சரியானது, ஆனால் கால் தொங்கியது, தொங்கினால் இடுப்பு நிலையாக இருக்காது என்று இரண்டு மணைப்பலகையை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் காலை ஊன்றச் சொன்னார். அப்புறம்தான் விரல். நாலாவது விரலின் நுனி மூட்டு ஒவ்வொரு தடவையும் உள்ளே மடங்குவதைக் காட்டினார், அதுவரை நான் அதைக் கவனித்ததே இல்லை. கட்டைவிரல் கட்டையின் மேல் படுத்துவிடாமல் ஓரத்தால் தொடவேண்டும், தோள் தூக்கக்கூடாது. இதையெல்லாம் ஒரு பிள்ளையின் பக்கத்தில் ஒருவர் முழுதாக அரைமணி நேரம் உட்கார்ந்தால்தான் பார்க்கமுடியும்.

கூட்டமாகச் சொல்லித்தரும்போது கை விட்டுப்போகிறது என்பது பழைய பிரச்சினை. டப்ளினில் லோஜியர் என்ற ஆசிரியர் 1814ல் வாசிப்பவரின் கையை நேராக நிறுத்திவைக்கும் ஒரு சட்டகத்துக்குக் காப்புரிமை வாங்கினார், ஒரே அறையில் பல பியானோக்களைப் போட்டுப் பிள்ளைகளைச் சேர்ந்து வாசிக்கவைத்தவர் அவர். ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பார்க்க ஆள் போதாத அறையில் அந்தச் சட்டகம் எதற்கு உதவியிருக்கும் என்று எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஆனால் தனி கிளாஸ் நாலு வயதுக்கு நீளம். அரைமணி நேரம் ஒரே ஸ்டூலில், ஒரே பெரியவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, தப்பு வந்தால் அது தன் தப்பு மட்டுமே என்று தெரிந்துகொண்டு உட்காருவது சின்னப் பிள்ளைக்குப் பாரம். பத்தாவது நிமிடம் நெளியும், இருபதாவது நிமிடம் தண்ணீர் கேட்கும். அதையும் தாண்டி அமைவது அந்த டீச்சர் யார் என்பதைப் பொறுத்தது. குரூப்பில் டீச்சர் சுமாராக இருந்தாலும் கூட இருக்கும் பிள்ளைகளுக்காகவாவது பிள்ளை வாரா வாரம் கிளம்பும். தனி கிளாஸில் டீச்சரைப் பிடிக்கவில்லை என்றால் பியானோவே பிடிக்காமல் போய்விடும்.

சுஸுகி முறையைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். ஷினிச்சி சுஸுகி வயலினுக்காக வகுத்தது, பிற்பாடு பியானோவுக்கும் வந்தது. பிள்ளை தாய்மொழியைக் கேட்டுக் கேட்டுப் பேசிவிட்டுத்தானே எழுத்துக்கு வருகிறது, இசையும் அப்படி வரட்டும் என்பது அடிப்படை. தினமும் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்கவைக்கவேண்டும், பெற்றோர் கிளாஸில் உட்காரவேண்டும், பாடம் தனியாக நடக்கும், அதோடு பிள்ளைகள் சேர்ந்து வாசிக்கும் வகுப்பும் உண்டு. காகிதத்தில் பார்த்தால் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. நோட் படிப்பதைத் தள்ளிப்போடுவதால், அதைச் சரியான நேரத்தில் பிடித்து இழுக்கத் தெரிந்த டீச்சர் அமையவேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை காதை நம்பியே பல வருடம் ஓட்டிவிடும்.

ஆப் வைத்துக் கற்பதை இந்த வயதுக்கு நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. சரியான கட்டையை அழுத்தினானா என்று அதற்குத் தெரியும், எந்த விரலால், எப்படி மடங்கி அழுத்தினான் என்று தெரியாது. இரண்டு பிள்ளைகளைச் சேர்த்து எடுக்கும் ஜோடி கிளாஸ் கிடைத்தால் விடாதீர்கள். ஆறு ஏழு வயதில் அதைவிட நல்ல ஏற்பாடு நான் பார்க்கவில்லை, ஆனால் ஒரே வேகத்தில் போகும் இரண்டு பிள்ளை அமைவது அபூர்வம்.

சேர்க்கும் முன் கேட்கவேண்டிய இன்னொன்று, அது பியானோ கிளாஸா கீபோர்டு கிளாஸா என்பது. பலர் இரண்டையும் ஒன்றாகவே சொல்கிறார்கள். 61 கட்டை கீபோர்டில் இடது கை ஒரு கார்டை, அதாவது சில கட்டைகளைச் சேர்த்து, பிடித்தால் ரிதம் தானாக ஓடும், வலது கை மெட்டை வாசிக்கும். பியானோவில் 88 கட்டை, கட்டைக்கு எடை உண்டு, இடது கைக்குத் தனி வேலை, அதற்கென்று பேஸ் கிளெஃப், அதாவது கீழ் ஸ்வரங்களை எழுதும் கோட்டு வரிசை, படிக்கவேண்டும். லண்டன் ட்ரினிட்டி காலேஜ் நடத்தும் இசைத் தேர்விலேயே இரண்டுக்கும் வேறு வேறு பாடத்திட்டம். கீபோர்டு மட்டமானது என்று சொல்லவரவில்லை, பிள்ளை எதைப் படிக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

தேர்வு என்றதும் ஞாபகம் வருகிறது, குரூப்பில் படித்தால் கிரேடு, அதாவது படிப்படியாக எழுதும் இந்தத் தேர்வுகள், தேறுமா என்று கேட்பவர்கள் அதிகம். ட்ரினிட்டி பியானோவில் மூன்று பாட்டுக்கு 66 மதிப்பெண், டெக்னிக்கல், அதாவது ஸ்கேல் போன்ற விரல் பயிற்சிகளுக்கு 14, மீதி 20 துணைத் தேர்வுகளுக்கு. 60 எடுத்தால் பாஸ், 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். பாட்டும் டெக்னிக்கலும் விரலின் வேலை, அதற்குத் தனி கிளாஸ் வேண்டும். துணைத் தேர்வில் கேட்டுச் சொல்வதைத் தேர்ந்தெடுத்தால் அங்கே குரூப் பிள்ளைகள் தயங்குவதில்லை. எப்படி இருந்தாலும் ஐந்து வயதில் கிரேடைப் பற்றிப் பேசுகிற இடத்தில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன், மூன்றே பாட்டை வருடம் முழுக்கத் தேய்ப்பார்கள்.

நடைமுறைச் சிக்கல் குரூப்பில்தான் அதிகம். மகனுக்கு ஒரு தடவை காய்ச்சல், இரண்டு வாரம் போகவில்லை, திரும்பிப் போனால் மற்றவர்கள் இரண்டு கையையும் சேர்த்து வாசிக்கிறார்கள். விட்ட கிளாஸைத் திரும்ப எடுக்கமாட்டார்கள், வீட்டில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ரொம்ப வேகமாகப் பிடிக்கும் பிள்ளைக்கு ஒரு கட்டத்தில் சலிப்பு வந்துவிடும். கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைக்கு குரூப் ஒத்துவராது என்று நினைத்திருந்தேன், ஆனால் மகனின் கிளாஸில் முதல் ஒரு மாதம் வாயே திறக்காத ஒரு பிள்ளை ஐந்து பேர் பாடும் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு பாட ஆரம்பித்தாள். தனியாகப் பாடச் சொல்லியிருந்தால் அழுதிருப்பாள்.

ஆகவே என்னைக் கேட்டால், நாலிலிருந்து ஆறு வயது வரை சேர்ந்து கற்கும் குரூப், ஆறு பிள்ளைக்கு மேல் வேண்டாம், பெற்றோரை உள்ளே விடவேண்டும். இரண்டு கையும் வேறு வேறு வேலை செய்ய ஆரம்பிக்கும்போது, பெரும்பாலும் ஆறரை ஏழு வயதில், தனி கிளாஸ். ஹெட்ஃபோன் போட்டுச் சுற்றிவரும் கிளாஸ் எந்த வயதிலும் வேண்டாம், ஃபீஸ் பாதியாக இருந்தாலும் வேண்டாம். டிரையல் கிளாஸில் ஃபோனை உள்ளே வைத்துவிட்டு ஒன்றை மட்டும் பாருங்கள்: டீச்சர் ஒரு பிள்ளையோடு பேசும்போது மற்றப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? பாடியோ, தட்டியோ, அந்தப் பிள்ளை வாசிப்பதைக் கேட்டோ இருந்தால் அது குரூப். தங்கள் முறைக்காகக் காத்திருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மகனுக்கு இப்போது ஆறரை. செவ்வாய்க்கிழமை அக்காவின் டீச்சரிடம் அரைமணி நேரம், சனிக்கிழமை பழைய குரூப். செலவு கையைக் கடிக்கத்தான் செய்கிறது, மார்ச்சில் குரூப் முடியும்வரை இப்படியே ஓட்டலாம் என்றிருக்கிறோம். மணைப்பலகை இரண்டும் அவனுக்கு வந்துவிட்டன, மகளுக்குக் கால் தரையில் எட்டிவிட்டது.