சோப்பு மேல் தீட்டும் மைக்கா பெட்டி: தங்கம் தீர்ந்துவிட்டது, நீலம் அப்படியே கிடக்கிறது

பன்னிரண்டு சின்ன டப்பிகள், உள்ளே மைக்கா பொடி (அப்ரகத் தகடுகளில் நிறம் ஏற்றிய மினுமினுப்புப் பொடி), மூடியில் 'தோலுக்குப் பாதுகாப்பானது' என்று பெரிய எழுத்து. கையால் செய்யும் சோப்பின் மேல் பூவும் இலையும் தீட்டத்தான் இந்தப் பெட்டியை வாங்கினேன். ரொம்ப நாளாகிறது. தங்க நிறத்தில் டப்பியின் அடி தெரிகிறது, பச்சை பாதிக்குக் கீழே போய்விட்டது, நீலம் மட்டும் வாங்கியபோது இருந்த மட்டத்திலேயே நிற்கிறது. இப்போது விலையைக் குறைத்திருக்கிறார்கள் போல, தோழி ஒருத்தி வாங்கட்டுமா என்று கேட்டிருக்கிறாள். ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் முடிக்க நினைத்தேன், முடியவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீலத்தைத் தொட்டால் கோபத்தில் இதெல்லாம் விட்டுப்போகும்.

அந்தத் தங்கம் அபாரம். இலை நரம்பு, பூக்கோலம் மாதிரி பள்ளம் மேடாக வரும் மோல்டில் ஊற்றிய சோப்பை எடுத்து, உலர்ந்த பிரஷ்ஷால் பொடியைப் பள்ளங்களுக்குள் தட்டித் தடவிவிட்டு, மேட்டுப் பகுதியை மட்டும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த துணியால் துடைத்தால், கோடுகள் மட்டும் பளிச்சென்று நிற்கும். வரையவே தெரியாதவர்கள்கூட இதைச் செய்யலாம். நான் எதிர்பார்க்காதது இதன் ஆயுள். மேலே தீட்டிய பூ நாலைந்து குளியலில் போய்விடும், எந்தப் பெட்டி வாங்கினாலும் அப்படித்தான். ஆனால் பள்ளத்துக்குள் இறங்கிய தங்கம், சோப்பு தேய்ந்து அந்தப் பள்ளமே மறையும்வரை உட்கார்ந்திருக்கிறது. தேயத் தேய மெல்லிய நரம்பு முதலில் மறைந்து, நடு நரம்பு மட்டும் மிஞ்சும் பாருங்கள், அந்தச் சமயத்தில் சோப்பு புதிதாக இருந்ததைவிட அழகு.

இது ஏன் நிலைக்கிறது என்றால், அப்ரகத் தகடுகளின் மேல் டைட்டானியம் டைஆக்சைடும் இரும்பு ஆக்சைடும் படிய வைத்துத்தான் இந்தப் பொன்னிறத்தை வரவழைக்கிறார்கள். இரண்டுமே காரத்துக்கு, அதாவது சோப்பின் ஆல்கலித் தன்மைக்கு, அசையாத சரக்கு. செம்பு நிறம், பழுப்பு, வெள்ளை முத்து நிறம் எல்லாம் இதே குடும்பம், இந்தப் பெட்டியில் அத்தனையும் நன்றாகவே இருக்கின்றன. பச்சைக்கு குரோமியம் ஆக்சைடு போட்டிருக்கிறார்கள், அதிலும் குறையில்லை.

பூ தீட்டப் பொடியை எதில் கலப்பது என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தண்ணீர் வேண்டாம், பிரஷ் பட்டதுமே சோப்பு கரைந்து நுரைக்கிறது, கோடு கோடாகவே நிற்காது. எண்ணெயில் கலந்தால் காயாது, எடுப்பவர் கையெல்லாம் மினுங்கும். ஆல்கஹால்தான் சரி, எழுபது சதவீதத்தைவிடத் தொண்ணூறுக்கு மேல் இருப்பது இன்னும் நல்லது, தண்ணீர் குறைவு என்பதால் சட்டென்று காயும். மைக்கா அடியில் தங்கிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு தடவையும் கலக்கிவிட்டுத்தான் தொட வேண்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கத்தில் உட்காராதீர்கள், பொடியைத் தட்டும்போது முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். மெல்ட் அண்ட் போர் சோப்பாக, அதாவது தயார் சோப்புக் கட்டியை உருக்கி ஊற்றிச் செய்வதாக இருந்தால், ஆல்கஹால் காய்ந்ததும் உடனே சுற்றி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் அதிலுள்ள கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுத்து முத்து முத்தாக வியர்த்து, தீட்டியதை அப்படியே தூக்கிவிடும்.

சரி, நீலம்.

டப்பியில் பார்த்தால் மயக்கும் நிறம், ஆழமான மயில்கழுத்து நீலம். நான் செய்வது பெரும்பாலும் கோல்ட் ப்ராசஸ் சோப்புதான், அதாவது எண்ணெயோடு காஸ்டிக் சோடா கரைசலைச் சேர்த்து, மோல்டில் இறுகவிட்டு, வெட்டி, நாலு முதல் ஆறு வாரம் க்யூரிங்குக்கு, அதாவது உலர்ந்து பக்குவப்பட, வைப்பது. வெட்டிய கையோடு மேலே நீலச் சங்குப்பூ தீட்டி வைத்தேன். தீட்டிய அன்றைக்குப் பார்த்தவர்கள் எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். க்யூரிங் முடிவதற்குள் பூ சாம்பலாகி, அப்புறம் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு நிறத்துக்கு வந்து நின்றது. பக்கத்திலேயே தீட்டிய பச்சை இலைக்கு ஒன்றுமே ஆகவில்லை. அழகான இலைகளுக்கு நடுவில் அழுகிய பூ. பரிசுக்கென்று செய்த சோப்பு அது, யாருக்குக் கொடுப்பது?

டப்பியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் கடுகு சைஸ் எழுத்தில் சி.ஐ. 77510 என்று, நிறமியின் கலர் இண்டெக்ஸ் எண்ணைப் போட்டிருக்கிறது. மொபைல் கேமராவில் பெரிதாக்கித்தான் படிக்க முடிந்தது. 77510 என்றால் ஃபெரிக் ஃபெர்ரோசயனைடு, ஓவியர்கள் பிரஷ்யன் நீலம் என்று சொல்வார்களே, 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் கண்டுபிடித்தது, அதே நிறமிதான். காகிதத்தில், கண்ணிமையில், நகத்தில் எல்லாம் பிரமாதமாக நிற்கும். காரம் பட்டால் சிதைந்துவிடும், இரும்பு ஹைட்ராக்சைடாகப் பிரிந்து துருப்பிடித்த நிறம் மிஞ்சும். புதிதாக வெட்டிய கோல்ட் ப்ராசஸ் சோப்பில் காரத்துக்குப் பஞ்சமே இல்லை. க்யூரிங் முழுசாக முடிந்த சோப்பிலும் பிஎச் 9, 10 என்றுதான் இருக்கும். அதில் தீட்டியபோது அலமாரியில் கொஞ்ச நாள் தாங்கியது, காற்றில் ஈரம் ஏறியதும் அங்கங்கே சாம்பல் திட்டு விழுந்தது. மெல்ட் அண்ட் போரில் மட்டும் எனக்கு நீலம் நீலமாகவே இருந்தது.

நியாயமாகப் பேசுவதானால், விற்பவர் பொய் சொல்லவில்லை. இந்த நிறமி தோலுக்கு ஒன்றும் செய்யாது, கண்ணைச் சுற்றிப் பூசும் அழகுப் பொருட்களிலேயே சேர்க்கிறார்கள். சி.ஐ. எண்ணையும் அச்சிட்டிருக்கிறார்கள், அதுகூடப் போடாத பெட்டிகள் எத்தனையோ உண்டு. ஆனால் மூடியில் சோப்பின் படம் போட்டிருக்கிறதே ஐயா! சோப்பு என்றாலே காரம். தோலுக்கு ஆகும் என்பது ஒரு சங்கதி, காரத்தில் நிலைக்கும் என்பது வேறு சங்கதி. இரண்டாவதைப் பற்றி ஒரு வரி, 'கோல்ட் ப்ராசஸ் சோப்புக்கு ஏற்றதல்ல' என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தால் நான் இந்தப் பத்தியையே எழுதியிருக்க மாட்டேன். கேட்டு எழுதினேன். 'எங்கள் நிறங்கள் அனைத்தும் தோலுக்கு முற்றிலும் பாதுகாப்பானவை' என்று பதில் வந்தது. அதை யார் கேட்டார்கள்? மறுபடி படத்தோடு எழுதினேன். அதே வரி, முன்னால் ஒரு வணக்கத்தோடு.

இப்போது நீலத்துக்குத் தனியாக அல்ட்ராமரைன் வாங்கி வைத்திருக்கிறேன், சி.ஐ. 77007. அது காரத்துக்கு மசியாது. அமிலம்தான் அதற்கு எமன், பட்டால் வெளுத்துப்போய் அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும், ஆனால் சோப்பில் அந்தப் பயமில்லை. மினுமினுப்பு கிடையாது, சுண்ணாம்பு அடித்த மாதிரி மட்டாக இருக்கும் என்பதால் இந்தப் பெட்டியின் வெள்ளை முத்து மைக்காவைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறேன். மயில்கழுத்து வராது, ஆனால் க்யூரிங் முடிந்து பார்க்கும்போது பூ பூவாக இருக்கிறது. ஊதா தீட்டுகிறவர்களும் சி.ஐ. எண்ணைப் பார்த்துவிடுங்கள், 77742 என்று இருந்தால் அது மாங்கனீஸ் வயலெட், அதுவும் காரத்தில் வெளுக்கிற சாதி. இந்தப் பெட்டியின் ஊதாவில் நல்லவேளையாக அது இல்லை.

பெட்டியோடு இலவசமாக ஒரு பொட்டலம் ஜிகினா வருகிறது. பிளாஸ்டிக். முகத்திலும் உடம்பிலும் தேய்க்கும் சோப்பின் மேல் அதைத் தூவி, கடைசியில் சாக்கடைக்கு அனுப்புவதில் எனக்கு இஷ்டமில்லை, பிரிக்காமலே கிடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் கைவினைக்கென்று பொட்டலத்தில் விற்கும் பிளாஸ்டிக் ஜிகினாவை 2023 அக்டோபரிலேயே நிறுத்திவிட்டார்கள், இவர்கள் இன்னும் இலவசமாகத் தள்ளிவிடுகிறார்கள்.

இன்னொன்று, படம் கழுவிப் போகாமலிருக்க மேலே வார்னிஷ் பூசலாமா, அக்ரிலிக்கில் தீட்டலாமா என்று கேட்கிறவர்களுக்கு: வேண்டாம். அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக் படலம், குளிக்கும்போது தோல் தோலாக உரிந்து வரும். சோப்பு கரைவதற்காகத்தான் இருக்கிறது, மேலே இருக்கும் படமும் அதோடு போகட்டும்.

தோழிக்கு என் பதில், வாங்காதே. அவள் செய்வது முழுக்கக் கோல்ட் ப்ராசஸ், அவளுக்குப் பிடித்த நிறம் நீலம், முதல் வாரமே எனக்கு போன் பண்ணித் திட்டுவாள். தங்கம், பச்சை, வெள்ளை முத்து மூன்றையும் தனித்தனியாக, எண் பார்த்து வாங்கிக்கொண்டால் போதும். பதினொரு டப்பி நன்றாக இருக்கிறது என்று நீயே சொல்கிறாயே என்று அவள் கேட்பாள். இருக்கட்டும். படத்தோடு கேட்ட கேள்விக்கு வணக்கம் சேர்த்து அதே பதிலை அனுப்புகிறவர்களுக்கு, விலை குறைந்தாலும் காசு கொடுக்கச் சொல்ல எனக்கு மனசில்லை. என் கதை வேறு. இந்தத் தங்கத்துக்கு ஈடாக வேறொன்று இன்னும் கண்ணில் படவில்லை, தனி டப்பியாகவும் இவர்கள் விற்பதில்லை, அதனால் இந்த வாரம் நான் இன்னொரு பெட்டி ஆர்டர் பண்ணிவிட்டேன். இரண்டாவது நீல டப்பி யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், மெல்ட் அண்ட் போர் செய்கிறவர்களுக்கு மட்டும்.