900 ராண்டுக்கு ஒரு வட்டப்படம், இரண்டு பேரிங்

டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு கேரியர் கைடன்ஸ் சென்டர், பெயர் வேண்டாம். போன சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் கிரேடு 9, மெக்கானிக்கல் இன்ஜினியரிங்தான் படிப்பேன் என்று ஆறு மாதமாக ஒரே பிடிவாதம். நானும் கோயம்புத்தூரில் அதையே படித்துவிட்டு டர்பனுக்கு வந்து பம்பும் வால்வுமாகக் கிடக்கிறவன்தான், ஆனால் அப்பா சொன்னால் வீட்டில் எடுபடுமா, வெளி ஆள் யாராவது சொல்லட்டும் என்று 900 ராண்ட் கட்டினேன்.

முதல் முக்கால் மணி நேரம் கம்ப்யூட்டரில் கேள்வி. முடிவில் ஒரு வட்டப்படம், மெக்கானிக்கல் 82 சதவீதம். மீதி 18 என்ன என்று மகள் கேட்டாள். பதில் இல்லை.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. கிரேடு 10-இல் மேத்ஸுக்குப் பதிலாக மேத்தமேட்டிக்கல் லிட்டரஸி, அதாவது அன்றாடக் கணக்கு மட்டும் இருக்கிற சுலபமான பாடம், எடுத்தால் மார்க் ஏறும், மேத்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் அந்த ஆலோசகர்! முழு மேத்ஸும் பிசிக்கல் சயின்ஸும் இல்லாத பிள்ளைக்கு இன்ஜினியரிங் டிகிரியில் இடம் கிடையாது, அந்த முடிவை எடுக்கிற வருஷமே இதுதான். ஸ்லைடு முழுக்க ரேஸ் காரும் ரோபோ கையும். நாலு வருஷ டிகிரி முடித்து வேலை அனுபவமும் சேர்த்தால் எக்சாவில் (இங்கே இன்ஜினியர்களைப் பதிவு செய்கிற கவுன்சில்) புரொஃபஷனல் இன்ஜினியராகப் பதியலாம், டிப்ளமா என்றால் டெக்னீஷியன், டிவெட் என்கிற தொழிற்கல்லூரிக்குப் போய் டிரேட் டெஸ்ட் பாஸானால் மெஷினைப் பொருத்திப் பழுது பார்க்கிற ஃபிட்டர், இதையெல்லாம் காசு கட்டின நானே எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. தென்னாப்பிரிக்கா 1999-லிருந்து வாஷிங்டன் உடன்படிக்கையில் (ஒரு நாட்டு இன்ஜினியரிங் டிகிரியை இன்னொரு நாடு ஏற்கிற ஒப்பந்தம்) இருக்கிறது, அதனால் அந்த நாலு வருஷ டிகிரிக்கு வெளிநாட்டிலும் மதிப்பு உண்டு, அதுவும் ஸ்லைடில் இல்லை. பக்கத்திலேயே குவாசுலு-நேட்டால் யுனிவர்சிட்டியின் ஹோவர்ட் காலேஜ் கேம்பஸ் மெக்கானிக்கல்காரர்கள் 2021-இல் 17.9 கிலோமீட்டர் உயரத்துக்கு ராக்கெட் விட்டிருக்கிறார்கள், பெயர் ஃபீனிக்ஸ் (நம்ம டர்பன் ஃபீனிக்ஸ் டவுன்ஷிப் இல்லை). ராக்கெட் படம் போட்டிருந்தாலாவது மகள் கொட்டாவி விட்டிருக்க மாட்டாள்.

எழுந்து கிளம்பப் போனபோது மூலையில் ஒரு அங்கிள். சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். தமிழ் நாலு வார்த்தைக்கு மேல் வராது, ஆனால் மகளைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிட்டார். துணிப்பையிலிருந்து இரண்டு பேரிங் (ஷாஃப்ட் என்கிற சுழலும் தண்டைத் தாங்குகிற வளையம்) எடுத்து, விரலை உள்ளே விட்டுச் சுற்றி காதோரம் வைத்துக் கேள் என்றார். ஒன்று சத்தமே இல்லை. இன்னொன்று மணலை அரைக்கிற மாதிரி கரகர. துடைத்துக் காட்டினார், உள்வளையத்தில் மிளகு அளவுக்கு ஒரு குழி. ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை அரவை, வெட்டின கரும்பு காத்திருக்காது, இந்தக் குழி பெரிசாகி ஷாஃப்ட் நின்றால் ஆலையே நிற்கும் என்று, ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து நுனியை மோட்டார் மேல் ஊன்றிக் கேட்கிற வித்தையையும் சொல்லிக் கொடுத்தார். டிசைன், மெயின்டெனன்ஸ், ஏசி, பவர் ஸ்டேஷன் என்று எங்கே போனாலும் இப்படி ஒரு குழியைத் தேடுகிற வேலை இருக்கும் என்றார். இருபது நிமிஷம் மகள் செல்போனைத் தொடவில்லை.

வட்டப்படத்துக்கு ஒரு ஸ்டார்கூட இல்லை, அங்கிளுக்கு ஐந்து. அவர் சனிக்கிழமை காலை மட்டும்தான் வருவாராம். போகிறவர்கள் டெஸ்ட் வேண்டாம், அவரோடு உட்கார்ந்தால் போதும் என்று முதலிலேயே கேட்டுப் பாருங்கள், பாதிப் பணத்துக்கு ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்வார்கள். கரகர பேரிங்கை மகள் கேட்டு வாங்கி வந்துவிட்டாள், ராத்திரி பத்து மணிக்கும் அந்தச் சத்தம்தான்.