அரசுத் தரப்பா, தனியார் தரப்பா? நியூயார்க் வழக்கறிஞரின் இரண்டு வழிகள்

நிதி மோசடி விசாரணையில் இறங்க நினைக்கும் இளம் வழக்கறிஞருக்கு நியூயார்க்கில் இரண்டு வாசல்கள் உண்டு: ஒன்று மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலின் அலுவலகம், மற்றொன்று அந்த அலுவலகம் விசாரிக்கும் கம்பெனிகளுக்காக வாதாடும் தனியார் சட்ட நிறுவனம்.

அரசுத் தரப்பின் பெரிய பலம் பங்கு, முதலீட்டு மோசடிகளைத் தடுக்க 1921-இல் வந்த மார்ட்டின் சட்டம். வழக்குத் தொடுக்கும் முன்பே சம்மன் அனுப்பி ஆவணம் கேட்கலாம், ஆட்களை விசாரிக்கலாம். சிவில் வழக்கு என்றால், ஏமாற்றும் எண்ணம் இருந்ததாக நிரூபிக்கவே வேண்டாம். 2002-இல் பங்குத் தரகு நிறுவனமான மெரில் லிஞ்ச் விவகாரத்தைப் பாருங்கள். முதலீட்டாளர்களை வாங்கச் சொன்ன பங்குகளையே அதன் பங்கு ஆய்வாளர்கள் தங்களுக்குள் மட்டம்தட்டிப் பேசியிருந்தார்கள். அவர்களுடைய மின்னஞ்சல்களே அதைக் காட்டிக்கொடுத்தன. தவற்றை ஒப்புக்கொள்ளாமலே கம்பெனி 10 கோடி டாலர் கட்ட இசைந்தது. அப்படிக் காட்டிக்கொடுக்கும் ஒரு வாக்கியத்துக்காக நாள் முழுக்க ஆவணம் படிப்பதுதான் இங்கே அன்றாட வேலை, அலுப்பும் உண்டு.

தனியார் தரப்பில் சம்பளம் வெகு அதிகம். படிப்பது அதே மின்னஞ்சல்கள்தான். எதை ஒப்படைக்க வேண்டும், எது கட்சிக்காரர் ரகசியம் என்று பிரிப்பதிலேயே ஆரம்ப வருடங்கள் போய்விடும்.

கல்விக்கடன் கழுத்தை நெரித்தால் தவிர, அரசுத் தரப்பில் தொடங்குவதே நல்லது என்பேன். பொறுப்பு சீக்கிரம் கைக்கு வரும், சாட்சியிடம் நீங்களே கேள்வி கேட்பீர்கள். அப்புறம் தனியாருக்கு மாறலாம். ஆனால் 2 வருடங்களுக்குப் பழைய அலுவலகத்தின் முன் ஆஜராக முடியாது. நீங்களே கையாண்ட விவகாரத்தில் என்றைக்குமே முடியாது.