கத்தியில் காடி எடுக்க: சுரண்டியா, பெல்ட்டா, மில்லிங்கா, சம்மட்டியா?

கத்தி அலகில் முதுகை ஒட்டி நீளவாக்கில் ஓடும் பள்ளத்தை ஃபுல்லர் என்கிறார்கள். பலகையில் எடுக்கும் பள்ளத்தைத் தச்சர்கள் காடி என்பார்கள். எனக்கு அந்தச் சொல்லே போதும். ரத்தம் வடிவதற்காக வைத்த பள்ளம் என்று இன்னமும் பலர் சொல்கிறார்கள். அது வெறும் கட்டுக்கதை. காடி இருப்பது எடையைக் குறைக்க. கூர்ப்பக்கமாக விழும் அழுத்தத்தைத் தாங்குவது பெரும்பாலும் முதுகும் வாயும்தான், அதாவது வெட்டும் விளிம்பும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இரும்புக்கு அதில் பங்கு குறைவு. அங்கே கொஞ்சம் எடுத்தாலும் அலகு அவ்வளவாகத் தளராது.

எவ்வளவு குறையும்? 5 மி.மீ. தடிமன், 30 மி.மீ. அகலம், 180 மி.மீ. நீளமுள்ள பட்டை ஏறக்குறைய 210 கிராம் இருக்கும். அதில் 8 மி.மீ. அகலம், 1 மி.மீ. ஆழம், 150 மி.மீ. நீளத்தில் இரண்டு பக்கமும் காடி எடுத்தால் போவது 12, 13 கிராம். கத்திக்கு இது சின்ன லாபம்தான், வாளுக்குத்தான் பெரிய லாபம். அரிவாளுக்கோ காடியே வேண்டாம், அதன் முனையில் இருக்கும் எடைதான் வெட்டுகிறது. அப்புறம் ஏன் கத்தியில் எடுக்கிறோம்? பாரம் கொஞ்சம் பிடிப்பக்கம் நகர்கிறது. அதோடு, நேராக ஓடும் ஒரு காடி கத்திக்குத் தரும் அழகு எனக்கு மிகவும் பிடிக்கும். கோணலாக ஓடினால் அதே காடி மொத்தக் கத்தியையும் கெடுத்துவிடும். அதனால் வழிகளை ஒப்பிடும்போது வேகத்தைவிடக் கோடு நேராக வருமா என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். நான் வேலை செய்வது லாரி ஸ்பிரிங் பட்டையில், வருஷத்துக்கு மூன்று நான்கு கத்தி. அந்த அளவில் இருந்து பார்த்த கணக்கு இது.

சம்மட்டி

பழைய வழி இதுதான். உருண்ட முனையுள்ள இரண்டு இரும்புகளை ஸ்பிரிங் போல வளைந்த பட்டையால் இணைத்து, நடுவே பழுக்கக் காய்ச்சிய அலகை நுழைத்து அடிப்பது. இரண்டு பக்கமும் ஒரே அடியில் பள்ளம் விழும். இதில் இரும்பு வீணாவதில்லை. பள்ளத்தில் இருந்த இரும்பு பக்கவாட்டில் ஒதுங்கி அலகு அகலமாகிறது. மற்ற மூன்று வழிக்கும் இந்தக் குணம் கிடையாது. ஆனால் ஒருவர் பிடிக்க, ஒருவர் அடிக்க ஆள் வேண்டும். ஒதுங்கும் இரும்பு முதுகுப்பக்கமும் வாய்ப்பக்கமும் ஒரே அளவில் ஒதுங்காததால் அலகு வளைய ஆரம்பிக்கும், ஒவ்வொரு சூட்டிலும் நிமிர்த்த வேண்டும். முடிவில் எப்படியும் சுரண்டியோ அரமோ பிடித்துத்தான் கோட்டைச் சரிசெய்ய வேண்டும். நீள வாள் அடிப்பவருக்கு இதுவே சரியான வழி. 180 மி.மீ. கத்திக்கு இவ்வளவு பாடு தேவையில்லை.

மில்லிங்

சுழலும் கட்டரால் இரும்பைச் சீவி எடுக்கும் மெஷின் வேலை இது. கோடு நேராக வர வேண்டும் என்றால் இதற்கு ஈடில்லை. உருண்டை முனை கட்டரைப் போட்டு ஓட்டினால் ஆழமும் அகலமும் சொன்னபடி வரும். 8 மி.மீ. கட்டரை 1 மி.மீ. இறக்கினால் காடி அகலம் 5.3 மி.மீ. உருண்டையின் நட்ட நடு உச்சியில் சுழற்சி வேகமே இல்லை. அது வெட்டாமல் தேய்க்கும். மெஷினின் தலையைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் அந்தக் குறை தீரும்.

சிக்கல் பிடிமானத்தில் இருக்கிறது. வாய்ப்பக்கம் மெலிந்து வரும்படி சரிவு எடுத்த பிறகு ஒரு கத்தியை மில்லிங் கடையில் கொடுத்தேன். சரிவான பக்கம் வைஸ் என்ற பிடிப்புக் கருவியில் சரியாக உட்காரவில்லை. நடுவில் 1 மி.மீ., நுனியில் கிட்டத்தட்ட ஒன்றரை என்று ஆழம் மாறி வந்தது. நுனி நோக்கி ஆழம் குறைய வேண்டிய இடத்தில் கூடிவிட்டது. பட்டை இரண்டு பக்கமும் சமதளமாக இருக்கும்போதே கொடுத்திருக்க வேண்டும். இன்னொன்று, ஒற்றைக் கத்திக்கு மெஷினை அமைக்கும் நேரமே வெட்டும் நேரத்தைவிட அதிகம், அதற்கும் சேர்த்துத்தான் கூலி. ஒரே அச்சில் பத்து இருபது செய்பவருக்கு வேறு வழியைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

பெல்ட் கிரைண்டர்

உப்புத்தாள் பெல்ட் சக்கரங்கள் மேல் ஓடி இரும்பைத் தேய்க்கும் மெஷின் இது. சிறு சக்கரம் மாட்டினால் அந்தச் சக்கரத்தின் வளைவே காடியின் வளைவு. முக்கால் அங்குலச் சக்கரத்தில் 8 மி.மீ. அகலம் வரும்போது ஆழம் 0.9 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும், பெல்ட்டின் தடிமனால் இன்னும் ஒரு மயிரிழை குறையும். சில நிமிடத்தில் ஒரு பக்கம் முடிந்துவிடும். தோய்ச்சல் கொடுத்து, அதாவது பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் இறக்கி, கெட்டியான அலகிலும் எடுக்கலாம் என்பது இதன் தனிப் பலம். ஆனால் அப்போது சூட்டைக் கவனிக்க வேண்டும். தோய்ச்சலுக்குப் பிறகு முறியாமல் இருக்க மறுபடி லேசாகக் காய்ச்சிப் பதம் பார்த்த சூடு 200 டிகிரி செல்சியஸ் சுற்றி என்றால் அதைத் தாண்டும் ஒவ்வொரு நொடியும் கெட்டித்தன்மை போகும். நீலம் தெரிந்துவிட்டால் அந்த இடம் போனதுதான்.

முதுகு முட்டி நிற்க ஒரு தடுப்பு இல்லாமல் வெறும் கையால் பிடித்தால் ஒரு முறை அலகு நழுவினாலும் பக்கத்தில் ஆழமான கீறல் விழும். சின்னச் சக்கரம் வேகமாகச் சுழல்வதால் பேரிங்கும் சூடேறும். கையில் ஏற்கெனவே நல்ல கிரைண்டர் இருப்பவருக்கு இது லாபம். காடிக்காகவே வாங்குவது அதிகம்.

ஆங்கிள் கிரைண்டரைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே பதில்: வேண்டாம்.

சுரண்டி

என் தேர்வு இதுதான். லேத்தில் இரும்பு சீவும் கெட்டியான வெட்டுத்துண்டு, அதாவது டூல் பிட், பழையது ஒன்றின் முனையை வேண்டிய வளைவுக்குச் சாணை பிடித்து ஒரு இரும்புக் கட்டையில் செருகி, திருகாணியால் இறுக்க வேண்டும். கட்டையின் அடியில் ஒரு தடுப்பு முதுகை உரசிக்கொண்டே வரும். அதனால் காடிக்கும் முதுகுக்கும் உள்ள தூரம் மாறவே மாறாது. செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஜப்பானிய வாள் கொல்லர்கள் வாளில் எடுக்கும் ஹி என்ற காடியும் கைக்கருவியால் எடுப்பதுதான்.

அலகு மிருதுவாக இருந்தால்தான் இது நடக்கும். காந்தம் ஒட்டாத சூட்டைக் கொஞ்சம் தாண்டும்வரை காய்ச்சி, சாம்பலில் புதைத்து ராத்திரி முழுக்க ஆறவிடுவேன். மறுநாள் அரம் வழுக்காமல் பிடித்தால் அலகு தயார். முதல் இருபது இழுப்பில் பளபளப்பான ஒரு கோடு மட்டும் தெரியும். அப்புறம் மெல்லிய சுருள் எழ ஆரம்பிக்கும், தேங்காய்ப்பூவைவிட மெல்லிசாக. சத்தத்தைக் கேட்டே வேலையைச் சொல்லிவிடலாம். சீராகச் சீறினால் சரி, கடகடவென்று அதிர்ந்தால் அடியில் அலை விழுகிறது.

அந்த அலைதான் சுரண்டியின் பெரிய தொல்லை. ஒரு முறை விழுந்தால் அடுத்த இழுப்பு அதே மேடுபள்ளத்தில் ஏறி இறங்கி அலையை இன்னும் ஆழமாக்கும். அழுத்திப் போக்கலாம் என்று நினைத்தால் மோசமாகும். பிட் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைக் குறைக்க வேண்டும், சாய்வை மாற்ற வேண்டும், எதிர்த்திசையிலிருந்து லேசாக இழுக்க வேண்டும். எனக்கு இது பிடிபட மூன்று கத்தி ஆனது.

ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும், உண்மைதான். ஆனால் சூடு இல்லை, தூசி இல்லை. தப்பு நடந்தால் ஒரு இழுப்பில் ஒரு மயிரிழைதான் போகும். நுனி நெருங்கும்போது கையைத் தளர்த்தினால் காடி தானாக மெலிந்து முடியும். மில்லிங்கில் இதற்கே தனியாக மெஷின் அமைக்க வேண்டும்.

எந்த வழியில் எடுத்தாலும் இரண்டு பக்கமும் ஒரே ஆழம் இருக்க வேண்டும், இல்லையென்றால் தோய்ச்சலில் அலகு ஒரு பக்கமாகக் கோணும். காடியின் கரையிலும் முனைகளிலும் கூரான மூலை விடக் கூடாது, எண்ணெயில் இறங்கும்போது வெடிப்பு கிளம்புவது அங்கிருந்துதான். நான் காடி அளவுக்கு ஒரு மரக்குச்சியைச் சீவி, உப்புத்தாள் சுற்றி, சுரண்டிய கோடுகள் மறையும்வரை நீளவாக்கில் தேய்த்த பிறகே உலையைப் பற்றவைக்கிறேன்.