ஸ்டில் 038-ஆ, ஹஸ்க்வர்னா 61–272 குடும்பமா: பழைய செயின்சா வாங்குவோருக்கு ஓர் அலசல்

தெற்கு ஸ்வீடனின் ஸ்மோலாந்துப் பகுதியில் வசிப்பவர் பழைய செயின்சா ஒன்று வாங்க வேண்டும் என்றால், அக்கம்பக்கத்தார் அனைவரும் ஹஸ்க்வர்னாவைத்தான் காட்டுவார்கள். அந்த நிறுவனம் பிறந்த ஊர் இங்கேதான் இருக்கிறது. 1689-இல் துப்பாக்கித் தொழிற்சாலையாகத் தொடங்கி, 1959-இல் முதல் செயின்சாவை வெளியிட்ட நிறுவனம் அது. குளிர்காலத்திற்கான பிர்ச், ஸ்ப்ரூஸ் விறகை நானே அறுத்துக்கொள்வதால், 60 முதல் 70 சி.சி. வரையிலான, தொழில்முறை வேலைக்கென்று செய்யப்பட்ட, நானே பிரித்துப் பூட்டக்கூடிய பழைய இயந்திரம் ஒன்று எனக்குத் தேவைப்பட்டது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் காட்டுவேலையில் பெயர் பெற்ற இரண்டு குடும்பங்கள் இறுதிவரை போட்டியில் நின்றன. ஒன்று, ஹஸ்க்வர்னாவின் 61, 266, 268, 272 வரிசை. மற்றொன்று, ஜெர்மனியின் ஸ்டில் நிறுவனத்தின் 038 வரிசை. நான் 038 வரிசையில் பெரியதான மேக்னத்தை வாங்கினேன். ஆற்றலோ விலையோ இந்த முடிவைத் தீர்மானிக்கவில்லை. கையில் இருக்கும் இயந்திரம் எந்த வகை, அதன் ஒவ்வொரு பாகமும் எதைச் சேர்ந்தது என்று கண்டறிவதில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடே தீர்மானித்தது. ஆகவே இந்த அலசலின் பெரும்பகுதி அதைப் பற்றியதாகவே இருக்கும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இயந்திர அளவில் இரண்டும் வியக்கத்தக்க வகையில் ஒத்திருக்கின்றன. ஹஸ்க்வர்னா 272-இன் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 52 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) 34 மி.மீ., கொள்ளளவு 72.2 சி.சி.; 038 மேக்னத்தின் அளவுகளும் அவையே. 268-உம் 038 சூப்பரும் 50 மி.மீ. போர் கொண்டவை, இரண்டும் 67 சி.சி.யை ஒட்டியவை. ஹஸ்க்வர்னா கையில் சற்று இலகுவாக இருக்கிறது, வேகமாகச் சுழல்கிறது. 038 பருத்த கட்டையில் அழுத்தினாலும் எளிதில் மூச்சு வாங்குவதில்லை. இரண்டிலும் அதிர்வைத் தாங்கும் ரப்பர்கள் உண்டு. பழைய இயந்திரத்தில் அவை இறுகிப்போயிருக்கும் என்பதால் இரண்டிலும் மாற்றத்தான் வேண்டியிருக்கும். வீட்டு விறகு அறுப்பவருக்கு இந்த அளவில் எதை எடுத்தாலும் நட்டமில்லை.

சிக்கல் தொடங்குவது, விற்பவர் "இது 272" என்றோ "இது மேக்னம்" என்றோ சொல்லும்போதுதான். முப்பது ஆண்டுகள் காட்டில் உழைத்த இயந்திரத்தின் மேலுறை உடைந்திருக்கும். ஸ்டார்ட்டர் மூடி மாற்றப்பட்டிருக்கும். மாதிரியின் பெயர் அந்த மூடிகளில்தான் ஒட்டப்பட்டோ அச்சாகியோ இருக்கிறது. ஒரே குடும்பத்துக்குள் மூடிகள் ஒன்றுக்கொன்று பொருந்துவதால், 61-இன் உடலில் 272-இன் மூடி உட்கார்ந்திருப்பது அரிதன்று. இதில் ஏமாற்று நோக்கம் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கிடைத்த மூடியைப் பூட்டியிருப்பார்கள். அதைவிடக் குழப்பமானது, சிலிண்டரையே மாற்றிவிடும் வழக்கம். ஹஸ்க்வர்னா வரிசையில் 61 முதல் 272 வரை ஸ்ட்ரோக் ஒன்றே. போர் மட்டும் 48, 50, 52 மி.மீ. என்று வளர்கிறது. ஆகவே 61-இன் கிராங்க்கேஸ் (சிலிண்டர் உட்காரும் அடிக்கூடு) மேல் 272-இன் சிலிண்டரையும் பிஸ்டனையும் ஏற்றுவது மெக்கானிக்குகளிடையே பரவலான வேலை. அப்படிப்பட்ட இயந்திரத்தில் பெயர்ப்பலகை உண்மையைச் சொன்னாலும், உள்ளே இருப்பது வேறு.

ஸ்டிலில் பெயரோடு ஒட்டிய எழுத்துகளும் தகவல் தருபவை. ஏவி என்பது அதிர்வுத் தடுப்பு, இ என்பது மின்னணு இக்னிஷன், க்யூ என்பது விரைவு செயின் பிரேக், டபிள்யூ என்பது சூடாகும் கைப்பிடி. ஹஸ்க்வர்னாவில் சூடாகும் கைப்பிடிக்கு ஜி, தொழில்முறை வகைக்கு எக்ஸ்பி. ஆனால் இவையும் மூடியில் இருப்பவையே என்பதால், மூடியை நம்பாதவர் இவற்றையும் நம்ப முடியாது. பாகத்தின் மீதே பொறித்த எண்தான் நம்பத்தக்க சாட்சி. இங்கேதான் ஸ்டில் வெகுதூரம் முந்திவிடுகிறது.

ஸ்டிலின் பாக எண் பதினொரு இலக்கங்கள் கொண்டது; நான்கு, மூன்று, நான்கு என்று பிரித்து எழுதப்படுவது. முதல் நான்கு இலக்கங்கள் குடும்பத்தைச் சொல்கின்றன. 1119 என்றால் 038. 1118 என்றால் 028. 1121 என்றால் 024, 026. 1125 என்றால் 034, 036. 1128 என்றால் 044, 046. 1122 என்றால் 064, 066. இன்னும் பழையவற்றுக்குப் போனால் 1110 என்பது 041, 1111 என்பது 051, 075, 076, 1106 என்பது 070, 090. நடுவிலுள்ள மூன்று இலக்கங்கள், இயந்திரத்தின் எந்தப் பகுதி என்பதைச் சொல்கின்றன. 020 என்றால் சிலிண்டரும் கிராங்க்கேஸும். 030 என்றால் கிராங்க்கும் பிஸ்டனும். 080 என்றால் உறையும் விசிறி மூடியும். 120 என்றால் கார்புரேட்டரும் ஏர் ஃபில்டரும். 140 என்றால் சைலன்சர். 160 என்றால் கிளட்ச். 400 என்றால் இக்னிஷன். 640 என்றால் ஆயில் பம்பும் ஸ்ப்ராக்கெட் டிரம்மும். 790 என்றால் கைப்பிடி. கடைசி நான்கு இலக்கங்களே குறிப்பிட்ட பாகத்தையும் அதன் வகையையும் பிரித்துக் காட்டுபவை. எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் இந்த நடு இலக்கங்களின் பொருள் மாறுவதில்லை என்பதால், ஒருமுறை மனத்தில் ஏற்றிக்கொண்டால் போதும்.

பழைய பொருள் சந்தையில் ஒரு மரப்பெட்டி நிறைய, எந்த இயந்திரத்தைச் சேர்ந்தவை என்று விற்பவருக்கே தெரியாத உதிரிப் பாகங்கள் கிடந்தன. பல ஆண்டு ஆயிலும் மரத்தூளும் சேர்ந்து கறுப்புப் பசையாக இறுகியிருந்த ஒரு பிளாஸ்டிக் மூடியை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் உட்புறம் துடைத்து, டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது, மேடாக வார்க்கப்பட்ட இலக்கங்களின் நிழல் விழுந்து 1119 080 என்று தெளிவாகப் படிக்க முடிந்தது. நேராக ஒளி அடித்தால் அந்த எண் கண்ணுக்குப் படவே படாது. அதே வழியில் பெட்டியிலிருந்தவற்றில் 1121-ஐ ஒருபுறமும் 1128-ஐ மறுபுறமும் ஒதுக்கி, எனக்கு வேண்டிய 1119 பாகங்களை மட்டும் பொறுக்கிக்கொண்டேன். கையில் பட்டியலும் இல்லை, பக்கத்தில் மெக்கானிக்கும் இல்லை. அதே பெட்டியில் ஹஸ்க்வர்னா பாகங்களும் இருந்தன. அவற்றிலும் எண்கள் இருந்தன. ஆனால் அந்த எண்களை வைத்து அங்கே நின்றபடி எதையும் முடிவு செய்ய இயலவில்லை.

இந்த முறைக்கும் எல்லைகள் உண்டு. முதலாவதாக, 1119 என்பது குடும்பத்தைத்தான் சொல்கிறது. சாதாரண 038-ஆ, சூப்பரா, மேக்னமா என்று சொல்வதில்லை. அதற்குக் கடைசி நான்கு இலக்கங்களைப் பாகப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும், அல்லது சிலிண்டரைக் கழற்றி அளக்க வேண்டும். இரண்டாவதாக, வார்ப்பில் தெரியும் எண்ணும் கடையில் கேட்க வேண்டிய எண்ணும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. வார்ப்புக்கு ஓர் எண்ணும், கடைந்து முடித்த பாகத்துக்கு வேறோர் எண்ணும் இருக்கலாம். பெரும்பாலும் வேறுபடுவது கடைசி இலக்கங்களே. ஆகையால் வார்ப்பெண்ணைக் குடும்பமும் பகுதியும் அறிவதற்கு மட்டும் பயன்படுத்திக்கொண்டு, வாங்கும் எண்ணைப் பட்டியலிலிருந்து எடுப்பதே நல்லது. மூன்றாவதாக, ஒரு குடும்பத்துக்காகச் செய்த பாகம் பிற குடும்பங்களிலும் பயன்படும்போது பழைய எண்ணையே சுமந்து வருகிறது. ஸ்டில் விற்கும் ஸ்பார்க் பிளக் ஒன்றின் எண் 1110 400 7005; முதல் நான்கு இலக்கங்கள் 041-ஐக் குறித்தாலும் அந்தப் பிளக் பல மாதிரிகளில் போகிறது. எல்லாவற்றுக்கும் பொதுவான பாகங்கள் 0000 என்று தொடங்கும். பாரை, அதாவது செயின் சுற்றி ஓடும் நீண்ட தகட்டை, இறுக்கும் நட்டின் எண் 0000 955 0801. ஆகவே 1119 அல்லாத எண்ணைக் கண்டவுடன் இது வேற்று இயந்திரத்தின் பாகம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. பெரிய வார்ப்புகளும் மூடிகளும் 1119-ஆக இருக்கின்றனவா என்பதே முதல் கேள்வி.

உடலில் பொறித்திருக்கும் தொடர் எண் ஸ்டிலில் அவ்வளவாக உதவாது. அது ஒன்பது இலக்கங்கள் கொண்டது. மாதிரியின் பெயரோ செய்த தேதியோ அதில் படிக்கும்படி இல்லை. முதல் இலக்கம் ஒன்றாக இருந்தால் ஜெர்மனியில் செய்தது, இரண்டாக இருந்தால் அமெரிக்காவில் செய்தது என்ற அளவில் அதன் பயன் முடிந்துவிடுகிறது.

இந்த இடத்தில் ஹஸ்க்வர்னா மேலானது. தொண்ணூறுகளில் வந்த அதன் இயந்திரங்களில் தொடர் எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தையும், அடுத்த இரண்டும் அந்த ஆண்டின் வாரத்தையும் குறிக்கின்றன. 419 என்று தொடங்கினால் 1994-ஆம் ஆண்டின் பத்தொன்பதாவது வாரம். எந்தப் பத்தாண்டு என்பதை மட்டும் பிற அடையாளங்களால் உறுதி செய்துகொள்ள வேண்டும். இன்னொரு பெரிய வசதி, ஹஸ்க்வர்னா தன் பாகப் பட்டியல்களை எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வைத்திருப்பது. படத்தோடு கூடிய அந்தப் பட்டியல்கள் ஆண்டுவாரியாக இருப்பதால், இயந்திரம் செய்யப்பட்ட ஆண்டு தெரிந்தவருக்குப் பெருந்துணை. ஸ்டிலின் பட்டியலை முறைப்படி பார்க்க முகவரைத்தான் நாட வேண்டும். முழுமையான, கலப்படமில்லாத 268 ஒன்றை ஒரே உரிமையாளரிடமிருந்து வாங்குபவருக்கு நான் சொல்லும் குறை பெரிதாகத் தோன்றாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் பாகத்திலிருந்து இயந்திரத்தைக் கண்டறிய வேண்டிய நிலை வந்தால் ஹஸ்க்வர்னாவின் எண்கள் கைகொடுப்பதில்லை. பழைய பாகங்கள் பெரும்பாலும் 501 என்றோ 503 என்றோ தொடங்குகின்றன. அந்த எண், மாதிரியையும் சொல்லாது, பகுதியையும் சொல்லாது. 503 என்று தொடங்கும் கிளட்ச்சும் உண்டு, கைப்பிடியும் உண்டு, வேறு மாதிரியின் கார்புரேட்டர் அடைப்பானும் உண்டு. ஒவ்வோர் எண்ணையும் பட்டியலில் தேடியே ஆக வேண்டும். தேய்ந்துபோய் இரண்டு இலக்கங்கள் படிக்க முடியாத நிலையில் உள்ள ஸ்டில் பாகத்தில், எஞ்சிய இலக்கங்களைக் கொண்டே பாதி விடை கிடைத்துவிடும்; ஹஸ்க்வர்னா பாகத்தில் ஓர் இலக்கம் போனாலும் தேடல் அங்கேயே நின்றுவிடும்.

நண்பர் ஒருவரின் ஹஸ்க்வர்னாவைப் பிரிக்க உதவியதுதான் அந்த வரிசையோடு எனக்கு நெருங்கிய பழக்கம். அதற்கு மேல் அனுபவம் உண்டென்று உரிமை கொண்டாட மாட்டேன். மூடியில் 268 என்று இருந்தது. பிளக் துளை வழியாக ஸ்ட்ரோக்கை அளப்பதில் பயனில்லை. வரிசை முழுவதும் 34 மி.மீ.தான். சைலன்சரைக் கழற்றினால் பிஸ்டனின் பக்கச் சுவரையும் அதில் கீறல்கள் உள்ளனவா என்பதையும் பார்க்கலாமே தவிர, வெளியேற்றத் துளை போரைவிடக் குறுகலானது என்பதால் விட்டத்தை அளக்க முடியாது. 48-க்கும் 50-க்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியக்கூடியதன்று. கடைசியில் சிலிண்டரைத் தூக்கி, அடிவாயில் வெர்னியர் வைத்துப் பார்த்த பிறகே 50 மி.மீ. என்பது உறுதியாயிற்று. தூக்கிய பின் அடி கேஸ்கெட்டைப் புதிதாகப் போட வேண்டும். சந்தையில் நின்றுகொண்டு செய்யக்கூடிய சோதனை இல்லை இது. மேக்னத்தை உறுதி செய்வதற்கும் இதே வேலைதான் என்பதால் இந்த ஒன்றில் இரண்டு தரப்பும் சமம். வேறுபாடு, சிலிண்டரைத் தவிர்த்த மற்ற நூறு பாகங்களில் இருக்கிறது.

நகல் பாகங்களின் காலத்தில் இதற்கு இன்னொரு பயனும் சேர்ந்திருக்கிறது. ஆசியாவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் 038-இன் வாரிசுகளான எம்எஸ் 380, எம்எஸ் 381 ஆகியவை நெடுங்காலம் விற்பனையில் இருந்தன, 272-உம் அப்படியே. அதனால் இரண்டுக்கும் அசல் பாகங்களும் கிடைக்கின்றன, மலிவான நகல்களும் குவிந்திருக்கின்றன. நான் கையில் எடுத்துப் பார்த்த நகல் மூடிகளும் சிலிண்டர்களும் வடிவத்தை அப்படியே பின்பற்றினாலும் பதினொரு இலக்க எண்ணைத் தாங்கியிருக்கவில்லை. பழைய 038-இன் உறைகளைத் திருப்பிப் பார்த்து, எண் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தால், அந்தப் பாகம் பிற்காலத்தில் மாற்றப்பட்டது என்று கொள்ளலாம். நகல் என்பதாலேயே மோசம் என்று சொல்லவில்லை. எதற்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

பாரும் செயினும் இயந்திரத்தோடு வருபவற்றில் எளிதில் தவறாகப் பொருந்துபவை என்பதால் ஒரு சொல். இரண்டு குடும்பங்களும் பெரும்பாலும் 3/8 அங்குலப் பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு) செயினையே எடுத்துக்கொள்கின்றன; ஆனால் ஸ்டில் பாரின் பள்ளம் வழக்கமாக 1.6 மி.மீ., ஹஸ்க்வர்னாவினுடையது வழக்கமாக 1.5 மி.மீ. பாரின் வால்பகுதியில் அந்த அளவு பொறிக்கப்பட்டிருக்கும். ஒன்றின் பாரை மற்றதில் மாட்டவும் இயலாது, பொருத்தும் துளைகள் வேறு.

வாங்கப் போகிறவர் 038-ஐப் பார்க்கும்போது விசிறி மூடி, ஏர் ஃபில்டர் உறை, கைப்பிடி வார்ப்பு ஆகிய மூன்றின் உட்புறத்தையும் துடைத்து எண்ணைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஹஸ்க்வர்னாவாக இருந்தால் தொடர் எண்ணைக் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து அந்த ஆண்டின் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகு, மறுமுறை போய்ப் பணம் கொடுங்கள். சிலிண்டரைத் தூக்கிக் காட்ட விற்பவர் சம்மதிக்காவிட்டால் 272 என்ற பெயருக்காகக் கூடுதல் விலை கொடுக்காமல் 61-க்கு உரிய விலையையே பேசுங்கள்.