பெங்களூரு தண்ணீருக்கு எது தோது: கல்லா, கட்டையா, சருகா?

தெருவில் கிடைக்கும் கல்லையும் கட்டையையும் சருகையும் மீன் தொட்டியில் போடலாமா என்று யோசிக்கும் முன், உங்கள் வீட்டுக் குழாயில் வருவது காவிரியா போர்வெல்லா என்று பாருங்கள். பெங்களூருவில் ஒரே தெருவில் இரண்டும் உண்டு. பல அபார்ட்மெண்ட்களில் இரண்டும் ஒரே சம்ப்பில், அதாவது நிலத்தடித் தொட்டியில், கலக்கும். பொதுவாகப் போர்வெல் தண்ணீர் கடினமானது, காவிரி அவ்வளவு இல்லை. தண்ணீர் காய்ச்சும் கெட்டிலின் அடியில் சீக்கிரமே வெள்ளையாகப் படிந்தால் அது கடினமான தண்ணீர். ஒரே கல் ஒரு வீட்டுத் தொட்டியில் மீனை வாட்டும், அடுத்த வீட்டில் ஒன்றும் செய்யாமல் கிடக்கும். கீழே சொல்லும் அளவுகள் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள, ஏறத்தாழ 55 லிட்டர் தொட்டிக்கானவை.

மூன்றில் நம்பிக்கையானது கல்தான். இந்த ஊரின் அடிப்பாறை நைஸ் என்ற கெட்டிப் பாறை. லால்பாக் பூங்காவில் மேடாக நிற்பதும் அதே பாறைதான், 300 கோடி ஆண்டுப் பழமை. (அங்கிருந்து ஒரு சில்லைக்கூட எடுக்காதீர்கள், அது தேசிய புவியியல் நினைவுச்சின்னம்.) நைஸும் கிரானைட்டும் தண்ணீரில் கரைவதில்லை, காவிரித் தண்ணீர் அதன் தன்மையிலேயே இருக்கும்.

ஏமாற்றுவது வெள்ளைக் கல். வெங்கச்சங்கல்லும் (குவார்ட்ஸ்) உடைந்த பளிங்கும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். கல்லின் முனையால் பழைய கண்ணாடிச் சில்லில் கீறிப் பாருங்கள்: வெங்கச்சங்கல் கோடு போடும், பளிங்கு போடாது. பிறகு கழிவறை கழுவும் ஆசிட்டில் ஒரு சொட்டு, கையுறை போட்டுக்கொண்டு, திறந்தவெளியில். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, அது கரைந்து தண்ணீரைக் கடினமாக்கும். சமையலறை வினிகர் பலவீனமானது. மெதுவாகக் கரையும் கல்லை அது காட்டிக்கொடுக்காது. கடப்பா கல்லையும் சோதிக்காமல் விடாதீர்கள். சமையல் மேடைக்குப் போட்டு மிஞ்சிய கறுப்புத் துண்டைக் கிரானைட் என்று நினைத்து உள்ளே வைக்கிறார்கள். கடப்பா என்பது சுண்ணாம்புக்கல். சிப்பி, சங்கு, பவளத் துண்டு எல்லாம் இதே வகைதான். மோலி, கப்பி மீன் வளர்ப்பவருக்கு அதனால் கெடுதல் இல்லை. நியான் டெட்ரா மீனுக்கு ஆகாது.

கல்லைக் கொதிக்க வைக்கக் கூடாது. உள்ளே ஈரம் சிக்கியிருந்தால் வெடிக்கும். சோப்பு இல்லாமல் பிரஷ்ஷால் தேய்த்து, மேலே வெந்நீர் ஊற்றினால் போதும். பெரிய கல்லை மணலுக்கு மேல் வைக்காமல், முதலில் அடியில் ஒரு பிளாஸ்டிக் வலைத்தட்டு போட்டு அதன்மேல் கல்லை நிறுத்தி, பிறகு மணலைக் கொட்டுங்கள். மணலைத் தோண்டும் மீன் கல்லைச் சரித்தால் கண்ணாடி போய்விடும். 5 கிலோ கல் இரண்டு லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீரைத்தான் இடம்பெயர்க்கும், ஆகவே பயப்படாமல் அடுக்கலாம். தங்கநிறக் கீற்றோ துருக் கறையோ உள்ள கல் வேண்டாம். பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிக்கரைக் கல்லும் வேண்டாம். சாக்கடையில் ஊறியதை எவ்வளவு தேய்த்தாலும் நம்ப முடியாது.

அழகில் கட்டையை மிஞ்ச ஒன்றுமில்லை, அதிகம் கெடுவதும் கட்டையால்தான். ஏப்ரல், மே மழையில் விழுந்த கிளைகள் நடைபாதையில் குவிந்து கிடக்கும்போது கை தானாகப் போகும். அது பச்சை மரம். அதன் சாற்றிலுள்ள சர்க்கரையைத் தின்று பாக்டீரியா பெருகும். இரண்டு மூன்று நாளில் தண்ணீர் பால்போலக் கலங்கி, ஆக்சிஜன் குறைந்து மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். அப்படி ஆனால் கட்டையை உடனே எடுத்துவிட்டு, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, ஏர் பம்பை ஓட விடுங்கள்.

எங்கள் தேர்வு கொய்யா. கெட்டியானது, முறுக்கலானது, பட்டை தானே உரியும். ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை காய வேண்டும். நகத்தால் அழுத்தினால் பதியக் கூடாது. பிறகு இரண்டு மணி நேரம் கொதிக்க வைத்து, தண்ணீரை நாள்தோறும் மாற்றி இரண்டு முதல் நான்கு வாரம் ஊற வையுங்கள். மிதந்தால் கிரானைட் துண்டில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகால் இறுக்குங்கள். முதல் வாரங்களில் மேலே படரும் வெள்ளை வழுவழுப்பு தீங்கில்லாதது. நத்தையும் இறாலும் தின்றுவிடும். இந்த ஊர்ச் சாலையோரங்களில் நிறைய நிற்கும் புங்கையை, இங்கே ஹொங்கே என்பார்கள், தொடவே தொடாதீர்கள். அதன் விதையை மீனை மயக்கிப் பிடிக்கவே பயன்படுத்தியிருக்கிறார்கள். வேம்பு, அரளி, யூகலிப்டஸ், பால் வடியும் மரங்கள் எதுவும் வேண்டாம்.

ஒரு வருடம் காத்திருக்க முடியாதவருக்குக் கொட்டாங்கச்சி இருக்கிறது. தேங்காய்ப் பருப்பைச் சுத்தமாகச் சுரண்டி, அரை மணி நேரம் வீதம் இரண்டு முறை கொதிக்க வைத்தால் மீனுக்கு நல்ல குகை.

செலவில்லாமல் அதிகப் பலன் தருவது நாட்டு வாதாம் இலை. தானாக விழுந்து பழுப்பேறியதை மட்டும் எடுங்கள். பச்சை இலை அழுகும். புகை படியும் பெரிய சாலையோரமும் கொசு மருந்து அடிக்கும் வளாகமும் தவிர்க்க வேண்டியவை. ஒரு வாரம் காய வைத்து, கழுவி, இரண்டு இலை போடுங்கள். ஓரிரு நாள் மிதந்து மூழ்கும். மூன்று நான்கு வாரத்தில் நரம்பு மட்டும் மிஞ்சும்போது மாற்றுங்கள். ஃபைட்டர், டெட்ரா வகை மீன்களுக்குத் தேநீர் நிறத் தண்ணீர் இதமாக இருக்கும். போர்வெல் வீடுகளில் ஒரு தவறு நடக்கிறது: தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் இறங்கவில்லையே என்று பத்து இலை, பதினைந்து இலை என்று சேர்த்துக்கொண்டே போகிறார்கள். கடினத் தண்ணீரிலுள்ள கார்பனேட் இலையிலிருந்து வரும் அமிலத்தை விழுங்கிவிடும். பிஎச் அசையாது, இலைக் குப்பை மட்டும் மட்கி ஆக்சிஜனை உண்ணும்.

ஆகவே போர்வெல் வீட்டுக்குக் கல்லும் கப்பி மீனும், காவிரி வீட்டுக்குக் கொய்யாக்கட்டையும் வாதாம் இலையும் டெட்ராவும் என்பது எங்கள் கணிப்பு. கலந்து வரும் சம்ப்பு என்றால் கல்லோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எந்தக் கல்லையும் தொட்டியில் இறக்கும் முன் இரண்டு வாளிகளில் ஒரே தண்ணீரைப் பிடித்து, ஒன்றில் கல்லைப் போட்டு, மற்றதை வெறுமனே வையுங்கள். போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும்போது பிஎச் தானாகவே ஏறும். வெறும் வாளி இல்லாவிட்டால் அந்தப் பழியும் கல்மேல் விழும். ஏழாம் நாள் இரண்டையும் அளந்து, கல் வாளியில் கடினத்தன்மை கூடியிருந்தால் அந்தக் கல்லைப் பூந்தொட்டிக்குக் கொடுத்துவிடுங்கள்.